சராசரி நாள் எந்த நாள்?

2012ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்துக்குள் 1,82,000 பேர் நுழைந்தார்கள். மிங், சிங் வம்சப் பேரரசர்கள் வாழ்ந்த இந்த வளாகத்தைத் 'தடைசெய்யப்பட்ட நகரம்' என்றால் எல்லோருக்கும் தெரியும். 1925 அக்டோபர் 10 அன்று அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பரப்பு 7,20,000 சதுர மீட்டர். ஆனால் 2012 வாக்கில் பார்வையாளர் நடமாட முடிந்தது அதில் ஏறத்தாழ 30 சதவீதத்தில்தான். அதற்குள்தான் அன்றைய கூட்டம் முழுவதும் நடந்தது, நின்றது, படம் எடுத்தது, பிள்ளைகளைத் தேடியது.

அந்த ஆண்டு முழுவதும் வந்தவர்கள் சுமார் 1 கோடியே 53 லட்சம் பேர். 366 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 41,800. அக்டோபர் 2ஆம் தேதி வந்த கூட்டம் இதைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம்.

ஆண்டறிக்கையில் இடம்பெறுவது முதல் எண்ணான ஒன்றரைக் கோடி. செய்தித்தாளில் வருவது 1,82,000. நடுவில் நிற்கும் 41,800 யாருக்கும் பயன்படாத எண். குளிர்காலத்து வேலைநாளுக்கு அது மிக அதிகம். விடுமுறை நாளுக்கு மிகக் குறைவு. எத்தனை காவலர் வேண்டும், எத்தனை கழிப்பறை வேண்டும், அவசர வழி எவ்வளவு அகலம் என்று திட்டமிடுபவர் அந்தச் சராசரியை நம்பினால், ஆண்டுச் சராசரியைப் பார்த்துப் பொங்கலுக்குப் பேருந்து விட்ட கதையாகிவிடும்.

தினசரி எண்ணிக்கை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? பருவகாலம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அந்தச் சொல்லுக்குள் வெயிலும் மழையும் எவ்வளவு, மனிதர்கள் போட்டுவைத்த நாட்காட்டி எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

தற்செயலின் எல்லை

எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறுவது இயல்புதானே? இயல்புதான். எவ்வளவு மாறுவது இயல்பு என்பதற்குக் கணிதத்தில் ஓர் அளவுகோல் உண்டு. பிரெஞ்சுக் கணிதர் சிமியோன் டெனிஸ் புவாசோன் 1837இல் வெளியிட்ட நூலில் தந்த பரவல் அது. ஏராளமான பேர், ஒருவரையொருவர் கலந்து பேசாமல், ஆளுக்கொரு நாளைத் தம் போக்கில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தினசரி எண்ணிக்கை சராசரியைச் சுற்றி ஊசலாடும். ஊசலாட்டத்தின் அளவு அந்தச் சராசரியின் வர்க்கமூலம்.

41,800இன் வர்க்கமூலம் சுமார் 204. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நாட்களில் எண்ணிக்கை 41,400க்கும் 42,200க்கும் இடையில் அடங்கிவிட வேண்டும். மனிதர்கள் தனியாக வருவதில்லை, குடும்பமாக வருகிறார்கள் என்று ஒரு திருத்தம் போடலாம். எல்லோரும் நான்கு நான்கு பேராக வந்தால் ஊசலாட்டம் இரண்டு மடங்காகும். எல்லோருமே 40 பேர் கொண்ட சுற்றுலாப் பேருந்தில் வந்திறங்கினாலும் ஆறு மடங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அப்போதும் அது 1,300ஐத் தொடாது. அக்டோபர் 2 அன்று சராசரிக்கு மேல் வந்தவர்களோ 1,40,000 பேர்.

தற்செயல் இந்த உயரத்துக்கு ஏற முடியாது. ஆகவே நம் அனுமானங்களில் ஒன்று உடைந்திருக்கிறது. உடைந்தது, 'ஆளுக்கொரு நாளைத் தம் போக்கில்' என்ற பகுதி. யாரும் யாரையும் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் விடுப்பு கிடைத்தது. விடுப்பை முடிவுசெய்தது அவர்களில் யாரும் அல்ல.

மூன்று கடிகாரங்கள்

அருங்காட்சியக வாசலில் மூன்று கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. முதலாவது சூரியனுடையது. பெய்ஜிங்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே. ஜூலையில் 27 டிகிரியை ஒட்டி நிற்கும். அரண்மனையில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் திறந்த முற்றங்கள், படிக்கட்டுகள், மண்டப வாசல்கள். கூரைக்குக் கீழே நடக்கும் அருங்காட்சியகத்தைவிட இங்கே வானிலைக்கு அதிகாரம் அதிகம். நிர்வாகமே இதை ஒப்புக்கொண்டு கட்டணத்தில் எழுதி வைத்திருக்கிறது: ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை 60 யுவான், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 40 யுவான். குளிர்காலத்தில் அரை மணி நேரம் முன்னதாகவே வாசல் அடைபடும்.

சூரியனை மட்டும் வைத்துக் கணக்கை முடித்துவிட முடியாது. பெய்ஜிங்கில் மழை கொட்டுவதும் புழுக்கம் மிகுவதும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். அதே மாதங்களில்தான் கூட்டமும் குவிகிறது, பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை என்பதால். அக்டோபர் 2க்கும் 12க்கும் இடையில் வானிலை பெரிதாக மாறுவதில்லை. கூட்டம் தலைகீழாக மாறிவிடும்.

இரண்டாவது, வாரக் கடிகாரம். சனி, ஞாயிறில் ஏறும், வேலைநாட்களில் இறங்கும். சீனாவில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தொடர் விடுமுறையை நீட்டுவதற்காக, அதற்கு முன்னோ பின்னோ வரும் சில சனி, ஞாயிறுகளை அரசு வேலைநாளாக அறிவித்துவிடும். நாட்காட்டியில் அது ஞாயிறு, அலுவலகத்தில் அது திங்கள். கிழமையை மட்டும் பார்த்துக் கூட்டத்தைக் கணிக்கும் நிரல் அன்று தோற்றுப்போகும்.

மூன்றாவது, விடுமுறைக் கடிகாரம். எல்லாவற்றையும் விட வலுவானது இதுதான். ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு, மக்கள் உள்நாட்டில் செலவு செய்யட்டும் என்று சீன அரசு 1999இல் தொடர் விடுமுறை வாரங்களை உருவாக்கியது. அக்டோபர் 1 தேசிய நாளை ஒட்டி வரும் 'பொன் வாரம்' அவற்றில் முக்கியமானது. 2012இல் இலையுதிர் நடுத் திருவிழா செப்டம்பர் 30ஆம் தேதி வந்து அந்த வாரத்தோடு சேர்ந்துகொண்டதால் எட்டு நாள் விடுமுறை. அந்த ஆண்டுதான் விடுமுறை நாட்களில் கார்களுக்கு நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணம் முதல்முறையாக ரத்தானது. சந்திர நாட்காட்டியும் அரசாணையும் சுங்கச்சாவடியும் ஒரே வாரத்தில் கைகோத்தன. 1,82,000 என்ற எண்ணை உருவாக்கியது இந்தக் கூட்டணி.

பிரித்தெடுக்கும் கணக்கு

மூன்று கடிகாரங்களின் ஓசையும் கலந்து ஒரே எண்ணாக நம் கையில் வருகிறது. அவற்றைத் தனித்தனியே கேட்பது எப்படி? எளிய கருவி நகரும் சராசரி. ஒரு நாளின் எண்ணிக்கையோடு முந்தைய மூன்று நாள், பிந்தைய மூன்று நாள் எண்ணிக்கைகளைக் கூட்டி ஏழால் வகுக்க வேண்டும். அடுத்த நாளுக்கும் அதேபோல். எந்த ஏழு நாளை எடுத்தாலும் அதில் ஒரு திங்கள், ஒரு செவ்வாய் என்று ஒவ்வொரு கிழமையும் சரியாக ஒருமுறை இருக்கும். அதனால் கிழமைகளின் ஏற்ற இறக்கம் கரைந்து, பருவத்தின் மெதுவான அலை மட்டும் மேலே வரும். ஏழு நாளுக்குப் பதில் 365 நாளை எடுத்தால் பருவமும் கரைந்து, ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா குறைகிறதா என்ற போக்கு மட்டும் மிஞ்சும்.

அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டும்: கூட்டலா, பெருக்கலா? சனிக்கிழமை 10,000 பேர் கூடுதலாக வருவார்கள் என்பது கூட்டல் கணக்கு. சனிக்கிழமை ஒன்றரை மடங்கு பேர் வருவார்கள் என்பது பெருக்கல் கணக்கு. குளிர்காலத்தில் வேலைநாளுக்கு 20,000 பேர் என்று கொண்டால், பெருக்கல் கணக்குப்படி சனிக்கிழமைக்கு 30,000. கோடையில் வேலைநாளுக்கு 60,000 என்றால் சனிக்கிழமைக்கு 90,000. பார்வையாளர் எண்ணிக்கைகள் பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் நடந்துகொள்கின்றன. அதனால்தான் புள்ளியியலாளர் எண்களை அப்படியே கையாளாமல் மடக்கை எடுத்துவிடுகிறார்கள். மடக்கையில் பெருக்கல் கூட்டலாகிவிடும். அலைகளைப் பிரிப்பது எளிதாகும்.

இந்த வித்தைகள் அருங்காட்சியகத்துக்காகப் பிறந்தவை அல்ல. வட்டி விகிதங்களையும் பங்கு விலைகளையும் ஆராய்ந்த பொருளியலாளர் ஃபிரெட்ரிக் மெக்காலே, நகரும் சராசரி முறைகளைப் பற்றி 1931இல் ஒரு நூலே எழுதினார். 1965இல் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையில் ஜூலியஸ் ஷிஸ்கினும் உடன் பணியாற்றியவர்களும் எக்ஸ்-11 என்ற கணினி முறையை வெளியிட்டார்கள். வேலையின்மை விகிதம் முதல் சில்லறை விற்பனை வரை 'பருவ மாற்றம் நீக்கப்பட்டது' என்ற குறிப்போடு வரும் எண்களுக்கு அதன் வழிவந்த முறைகள்தான் அடிப்படை.

இடம்மாறும் பண்டிகை

நகரும் சராசரி திணறும் இடம் ஒன்று உண்டு. பொங்கல் சூரியக் கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் நின்றுவிடுகிறது. தீபாவளி சந்திரனைப் பார்ப்பதால் அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே அலைகிறது. சீனப் புத்தாண்டும் தீபாவளி இனம்தான்: ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே எங்கும் விழும். 2012இல் அது ஜனவரி 23; 2013இல் பிப்ரவரி 10. இந்த இரு ஆண்டுகளின் ஜனவரி எண்ணிக்கைகளை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குக் கூட்டம் குறைந்துவிட்டதாகத் தோன்றும். பிப்ரவரிகளை ஒப்பிடுபவருக்குக் கூடிவிட்டதாகத் தோன்றும். இரண்டுமே உண்மையாக இருக்க வேண்டியதில்லை. விடுமுறை மாதம் மாறியது, அவ்வளவுதான்.

சீனத் தேசியப் புள்ளிவிவரத் துறை இந்தத் தொல்லையைத் தாண்டக் கண்ட வழி எளிமையானது. தொழில் உற்பத்தி, சில்லறை விற்பனை போன்றவற்றுக்கு ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக வெளியிட்டுவிடுகிறது. தினசரிக் கணக்கு வேண்டும் அருங்காட்சியகத்துக்கு அது போதாது. அங்கே நாட்களைத் தேதியால் அடுக்காமல், 'புத்தாண்டுக்கு மூன்று நாள் முன்', 'புத்தாண்டுக்கு ஐந்தாம் நாள்' என்று பண்டிகையிலிருந்து எண்ணி அடுக்க வேண்டும். அப்படி அடுக்கினால் வெவ்வேறு ஆண்டுகளின் வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிய ஆரம்பிக்கும்.

ஊருக்கு ஊர் உச்சம்

விடுமுறைக் கடிகாரத்தின் வலிமை மற்ற ஊர்களோடு ஒப்பிடும்போது இன்னும் தெளிவாகும். கெய்ரோவின் அருங்காட்சியகங்களுக்குக் குளிர்காலம்தான் அறுவடைக் காலம்; பிரமிடுகளைப் பார்க்க வருபவர்கள் பாலைவனக் கோடையைத் தவிர்க்கிறார்கள். இங்கே சூரியன் ஆள்கிறது. நியூசிலாந்தின் வெலிங்டனில் 1998இல் திறக்கப்பட்ட தே பாபா அருங்காட்சியகத்துக்கு டிசம்பர், ஜனவரி உச்சம். தென்கோளத்துக் கோடை, கிறிஸ்துமஸ் விடுமுறை, துறைமுகத்துக்கு வரும் சொகுசுக் கப்பல்கள் மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. 1814இல் தொடங்கிய கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரையிலான நாட்கள் நெரிசலுக்குப் பேர்போனவை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் கிடையாது. மார்ச் கடைசியில் செர்ரி மரங்கள் பூக்கும்போது கூட்டம் ஏறத் தொடங்கி, பள்ளிச் சுற்றுலாக்களோடு வளர்ந்து, கோடை விடுமுறையில் உச்சம் தொடும். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் சரியும். செப்டம்பர் வாஷிங்டனில் நல்ல வானிலைக்குப் பெயர் பெற்ற மாதம். நல்ல வானிலை இருந்தும் ஆளில்லை.

மாறுவது எண்ணிக்கை மட்டுமல்ல, வருபவர்களும் மாறுகிறார்கள். பள்ளிக் குழுக்கள் வரும் மாதமும் வெளிநாட்டுப் பயணிகள் வரும் மாதமும் உள்ளூர்க்காரர்கள் ஓய்வாகச் சுற்றிவரும் மாதமும் வேறு வேறு. ஒரே கருத்துக்கணிப்பை ஜூலையிலும் ஜனவரியிலும் நடத்தினால் அருங்காட்சியகம் மாறாமலே பதில்கள் மாறிவிடும்.

இரண்டு பாதி ஒரு முழுசு ஆகாது

உச்ச நாளைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? ஆண்டுக்கு வரும் கூட்டம் ஒன்றுதான் என்றால் அது எப்படிப் பரவினால் என்ன? பாதிப்பு எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் கூடுவதாக இருந்தால் இந்தக் கேள்வி நியாயமானது. அது அப்படிக் கூடுவதில்லை.

முதலில் வரிசையைப் பார்ப்போம். 1909இல் டேனிஷ் கணிதர் அக்னர் எர்லாங் தொலைபேசி இணைப்புகளுக்காகத் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு, ஒற்றை வாசலின் மிக எளிய மாதிரிக்கு ஒரு சூத்திரம் தருகிறது. வாசல் தன் திறனில் பாதி அளவுக்கு இயங்கும்போது ஒருவர் சராசரியாகக் காத்திருக்க வேண்டியது, ஓர் ஆளை உள்ளே விட ஆகும் நேரம். திறனில் 90 சதவீதத்தை எட்டும்போது அதைப்போல் ஒன்பது மடங்கு. 95 சதவீதத்தில் பத்தொன்பது மடங்கு. கூட்டம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. காத்திருப்பு இருபது மடங்கை நெருங்கிவிட்டது.

அடுத்தது சுவர்கள். மெதுவாக நடக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தையும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவியையும் வெளிவிடுகிறார். ஒரு சிறு குகைக்குள் 25 பேர் பத்து நிமிடம் நின்றால் சுமார் 200 கிராம் நீர் காற்றில் கலந்துவிடும். சீனாவின் துன்ஹுவாங் அருகிலுள்ள மொகாவோ குகைகளில் 492இல் சுவரோவியங்கள் இருக்கின்றன. பாறையிலும் சுதையிலும் உப்பு உறைந்திருக்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 62 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. காய்ந்ததும் மீண்டும் படிகமாகி ஓவியப் பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் துன்ஹுவாங் ஆய்வகமும் சேர்ந்து நடத்திய நீண்ட ஆய்வுகள் காட்டிய எல்லை இது. 61 சதவீதத்தில் பெரிய ஆபத்தில்லை, 63இல் சேதம் ஆரம்பம். அப்படியானால் 12,000 பேர் வரும் ஒரு நாள், 6,000 பேர் வரும் இரண்டு நாட்களுக்குச் சமமாக முடியாது. அங்கே நாளொன்றுக்கு 6,000 பேர் என்று வரம்பு வைத்து, 2014இல் தனிப் பார்வையாளர் மையம் கட்டி, முதலில் திரைப்படம் காட்டிப் பிறகே குகைகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

பிரான்சின் லாஸ்கோ குகைக்கு இந்தப் பாடம் தாமதமாகக் கிடைத்தது. 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பார்வையாளரின் மூச்சும் அவர்களுக்காகப் போட்ட விளக்கும் சேர்ந்து சுவரில் பாசி படர வைத்தன. 1963இல் மூடினார்கள்.

முகட்டை வெட்டுதல், பள்ளத்தை நிரப்புதல்

2012இல் அரண்மனை அருங்காட்சியகத்தின் இயக்குநராக வந்த ஷான் ஜிஷியாங்கின் முன்னால் இருந்தது இந்தச் சிக்கல்தான். 2015 ஜூனில் நாளொன்றுக்கு 80,000 பேர் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. 2017 அக்டோபரிலிருந்து டிக்கெட் முழுவதும் இணையத்தில். அரசு விடுமுறை போன்ற சில விலக்குகள் தவிரத் திங்கள்கிழமைகளில் வாசல் மூடியது. திறந்த பரப்பு ஆண்டுதோறும் விரிந்து 2018இல் 80 சதவீதம் அளவுக்கு வந்தது.

இவை முகட்டை வெட்டும் வழிகள். பள்ளத்தை நிரப்ப வேறு உத்திகள் வேண்டும். குளிர்காலக் கட்டணக் குறைப்பு ஏற்கெனவே இருந்தது. 2019 ஜனவரியில் பழைய அரண்மனைப் புத்தாண்டுக் கொண்டாட்டங்களை மீட்டுக்காட்டும் பெரிய கண்காட்சி தொடங்கியது. பிப்ரவரி 19, 20 இரவுகளில் விளக்குத் திருவிழாவுக்காக, அருங்காட்சியகமான 94 ஆண்டுகளில் முதல்முறையாக, இரவில் வாசல் திறந்தது. முன்பதிவுத் தளம் நெரிசல் தாங்காமல் முடங்கியது. பெய்ஜிங் பிப்ரவரி இரவின் குளிர் யாரையும் தடுக்கவில்லை.

பாரிசின் லூவ்ரும் விலையைக் கருவியாக்கியிருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்ற பழைய வழக்கத்தை 2014இல் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. 2018இல் 1 கோடியே 2 லட்சம் பேர் வந்து திணறடித்த அந்த அருங்காட்சியகம் பிற்பாடு நாளொன்றுக்கு 30,000 என்ற வரம்புக்கும் வந்தது.

பெய்ஜிங்கில் விளைவு என்ன? 2019இல் மொத்தப் பார்வையாளர் 1 கோடியே 93 லட்சம். திங்கள்கிழமை விடுமுறைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் திறந்திருந்த நாளுக்குச் சுமார் 60,000 பேர். உச்ச நாளுக்கு வரம்பு 80,000. ஏழு ஆண்டுகளில் சராசரி 42,000இலிருந்து 60,000 ஆக ஏறியது. உச்சம் 1,82,000இலிருந்து 80,000 ஆக இறங்கியது. நான்கு மடங்குக்கு மேல் இருந்த இடைவெளி 1.3 மடங்கை ஒட்டி வந்துவிட்டது. கூட்டத்தைக் குறைக்காமலே நெரிசலைக் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண்கள் கிடைப்பது அரிது.

வெட்டுப்பட்ட வளைகோடு

நிர்வாகத்துக்கு இது வெற்றி. கணக்கு பார்ப்பவருக்கோ இங்கிருந்து ஒரு புதிய சிக்கல் ஆரம்பமாகிறது. வரம்பு இல்லாத நாளில் வாசலில் எண்ணியது மக்களின் விருப்பம். வரம்பு வந்தபின் எண்ணுவது, விருப்பம், வரம்பு இரண்டில் எது சிறியதோ அது. 80,000 என்று பதிவான ஒரு நாளில் விரும்பியவர்கள் 81,000 பேரா, 3,00,000 பேரா? பதிவேட்டில் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். புள்ளியியலில் இதைத் தணிக்கையான தரவு என்பார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் டோபின் 1958இல் இத்தகைய தரவுக்கு ஒரு முறை வகுத்தார். அவர் எடுத்துக்கொண்டது மறுமுனை: கார் வாங்காத குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் செலவு பூஜ்யம் என்றே பதிவாகும், வாங்கத் துடித்தவரும் நினைத்தே பார்க்காதவரும் அதில் ஒன்றாகிவிடுவார்கள்.

அருங்காட்சியகத்தில் சிக்கல் இன்னொரு படி ஆழமானது. சனிக்கிழமைக்கு டிக்கெட் கிடைக்காதவர் செவ்வாய்க்கிழமை வருகிறார். பதிவேட்டில் செவ்வாய் உயர்கிறது. செவ்வாய்க்கிழமை புகழ்பெற்றுவிட்டதாக யாராவது முடிவு கட்டினால் அது தவறு; அது சனிக்கிழமையிலிருந்து வழிந்த கூட்டம். பெருந்தொற்றுக் கால மூடலுக்குப் பிறகு 2020 மே 1 அன்று இந்த அரண்மனை மீண்டும் திறந்தபோது வரம்பு வெறும் 5,000. அத்தனை இறுக்கமான வரம்புக்குக் கீழே நாளுக்கு நாள் வேறுபாடு தெரிய வழியே இல்லை. அந்தத் தட்டையான கோட்டை மட்டும் பார்ப்பவர், பெய்ஜிங்கில் பருவங்களே இல்லை என்று எழுதிவிடக்கூடும்.

ஆகவே வரம்பு வைத்த அருங்காட்சியகத்தில் வாசலை விட்டுவிட்டுக் கணினியைப் பார்க்க வேண்டும். ஒரு நாளுக்கான டிக்கெட் எவ்வளவு நேரத்தில் விற்றுத் தீர்ந்தது? தீர்ந்தபின் எத்தனை பேர் அந்தத் தேதியைத் தேடினார்கள்? கிடைக்காதவர்களில் எத்தனை பேர் வேறு தேதியை எடுத்தார்கள், எத்தனை பேர் போய்விட்டார்கள்? பொன் வாரத்து டிக்கெட் நிமிடங்களில் தீர்வதும் நவம்பர் செவ்வாய்க்கிழமை டிக்கெட் முந்தின நாள் வரை கிடைப்பதும் ஒரே 'முழுக் கூட்டம்' ஆகாது. பருவம் இப்போது அந்த வேகத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

இனி ஏதேனும் அருங்காட்சியகம் 'ஆண்டுக்கு இத்தனை லட்சம் பார்வையாளர்' என்று பெருமையோடு அறிவித்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நாட்களைக் கூட்டத்தின் அளவுப்படி அடுக்கினால் நடுவில் நிற்கும் நாளில் எத்தனை பேர்? மிக நெரிசலான நாளில் எத்தனை பேர்? வந்து திரும்பிப் போனவர்கள், டிக்கெட் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? முதலிரண்டு எண்கள் பதிவேட்டிலேயே இருக்கும். மூன்றாவது எண்ணைத் தேடிச் சேகரிக்கும் நிர்வாகத்துக்குத்தான் அடுத்த விடுமுறைக்கு எத்தனை வாசல் திறக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும்.